ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க!

மாஸ்டர் ஹெல்த் செக்கப் நாளில் முதலில் கருவிக்குள் போகும் திரவம், செக்கப்புக்கு வந்த யாருடைய ரத்தமும் அல்ல. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருந்து, மெதுவாகப் புரட்டிப் புரட்டிக் கலக்கிய ஒரு சின்னக் குப்பி அது. லேபில் அதற்குப் பெயர் ‘கன்ட்ரோல்’. அதில் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். தெரிந்த விடையைக் கருவி சரியாகச் சொன்னால்தான் தெரியாத விடைகளை அதனிடம் கேட்பார்கள்.

சென்னையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் லேபில், பொழுது விடிவதற்கு முன்பே, இதைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கிடைத்தது. திரையில் ஒரு வரைபடம். நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் எல்லைக் கோடுகள், நாளுக்கு ஒரு புள்ளி. தொழிற்சாலைகளில் தரம் பார்க்கப் பயன்பட்ட இந்த முறையை 1950-இல் லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் மருத்துவ லேபுக்குக் கொண்டு வந்தார்கள். புள்ளி எல்லைக்கு வெளியே விழுந்தால், காரணம் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பரிசோதனை தொடங்காது. கீழே எத்தனை பேர் பசியோடு காத்திருந்தாலும் சரி! அன்றைய சர்க்கரைப் புள்ளி நடுக்கோட்டை ஒட்டி வந்து உட்கார்ந்ததும், “ஓகே, விடலாம்” என்றார் டெக்னீஷியன் தம்பி. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

நாம் இந்தச் செக்கப்பைப் பற்றிப் பேசும்போது ரிப்போர்ட்டைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். எது கூட, எது குறைய, எதற்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறது என்று. ஆனால் அந்தத் தாளில் ஒவ்வொரு எண்ணும் வந்து சேர்வதற்குள் நடக்கிற வேலை இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் ரிப்போர்ட்டை இன்னொரு கண்ணோடுதான் படிப்பார்கள். வாருங்கள், பார்த்துவிடலாம்.

காலை ஏழு மணிக்கு செக்கப் பிரிவு நிறைந்துவிடுகிறது. அலுவலகம் அனுப்பி வைத்தவர்கள், மகள் வற்புறுத்தி அழைத்து வந்த அப்பாக்கள், ஐம்பது நிறைந்ததும் தாங்களாகவே வந்த தம்பதிகள். எல்லோர் முகத்திலும் காபி குடிக்காத களை. இவர்கள் அத்தனை பேரையும் நகர்த்துகிறவர் கையில் அட்டையோடு நிற்கும் ஒருங்கிணைப்பாளர் சிஸ்டர். அவர் தலைக்குள் ஓடுவது என்ன தெரியுமா? சில பரிசோதனைகளுக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு நீர்ப்பை முட்ட முட்ட நிறைந்திருக்க வேண்டும். ஒன்றுக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இன்னொன்றைச் சாப்பிட்ட கையோடு செய்யவே கூடாது. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த நான்கு கணக்கும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது! அந்தக் காலையின் மொத்த அட்டவணையையும் வயிறும் நீர்ப்பையும்தான் எழுதுகின்றன.

அதனால்தான் ரத்த அழுத்தம் முதலிலேயே. நீர்ப்பை நிறைந்திருக்கும்போது பார்த்தால் அழுத்தம் பத்துப் புள்ளி வரைகூடக் கூடுதலாகக் காட்டலாம். பேசிக்கொண்டே இருந்தால் கூடும். கால்மேல் கால் போட்டால் கூடும். கை தாங்கலில்லாமல் தொங்கினாலும் கூடும். படியேறி வந்தவரை உடனே பிடித்துப் பட்டையைச் சுற்றக் கூடாது, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும். “சார், ரெண்டு நிமிஷம் பேசாம இருங்க, அப்புறம் எவ்வளவு வேணா பேசலாம்” என்று சிஸ்டர் சொன்னது மரியாதைக் குறைவால் இல்லை. அந்த மௌனம் பரிசோதனையின் ஒரு பகுதி. கூடவே எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு. இடுப்பில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனிக்கச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஆண்களுக்கு இதே எல்லை 94. நம்மவர்களுக்குத் தொப்பையைச் சுற்றியே கொழுப்பு சேர்வதால் கணக்கும் கறார்.

அடுத்தது ரத்தம் எடுக்கும் நாற்காலி. நான் நாளெல்லாம் நின்று பார்க்கத் தயாராக இருந்த இடம் இது.

“அப்பா, எந்தக் கையில நரம்பு நல்லாத் தெரியும்?” என்று கேட்டுக்கொண்டே ரப்பர் பட்டையைக் கட்டுகிறார் சிஸ்டர். பெரியவர் பழக்கதோஷத்தில் விரல்களை மூடி மூடித் திறக்கிறார். “பம்ப் பண்ணாதீங்கப்பா, சும்மா மூடி வெச்சாப் போதும்.” அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு கேட்டேன். கை தசை வேலை செய்யச் செய்ய அதிலிருந்து பொட்டாசியம் கசிந்து ரத்தத்தில் கலக்குமாம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கும் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறிவிடும். இரண்டு நிமிட உடற்பயிற்சி ஒரு பொய்யான பயத்தை உண்டாக்கிவிடும்!

குழாய்களின் மூடிக்கு ஏன் இத்தனை நிறம் என்று நினைத்திருப்பீர்கள். ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் ஒரு வேதிப்பொருள் காத்திருக்கிறது. மஞ்சள் மூடிக்குள் ரத்தத்தை உறைய வைக்கும் தூளும், அடியில் கொஞ்சம் கூழும். ஊதா மூடிக்குள் உறைய விடாத இ.டி.டி.ஏ. உப்பு. சாம்பல் மூடிக்குள் சோடியம் ஃப்ளூரைடு. உள்ளே வெற்றிடம் என்பதால் குழாயே தனக்கு வேண்டிய அளவை இழுத்துக்கொண்டு நின்றுவிடும். முதலில் மஞ்சள், பிறகு ஊதா, கடைசியில் சாம்பல். இந்த வரிசையை மாற்ற மாட்டார்கள். இ.டி.டி.ஏ. என்பது பொட்டாசிய உப்பு. ஊசி முனையில் ஒட்டிய துளி மஞ்சள் குழாய்க்குள் போனாலும் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். ரத்தம் எடுத்ததும் குழாயைக் குலுக்காமல் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறார்கள். குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். எடுத்த ரத்தம் எல்லாம் சேர்த்துப் பதினைந்து மில்லிக்குள்தான். உடம்பில் ஓடுவது ஐந்து லிட்டர். “இவ்வளவு ரத்தத்த எடுத்துட்டீங்களே” என்று பதறும் அம்மாவிடம் சிஸ்டர் இதைத்தான் சொல்லிச் சிரித்தார்.

சாம்பல் மூடியின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. பசிக்கிறது, குழாயிலிருக்கும் சர்க்கரையைத் தின்னத் தொடங்குகின்றன. சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை காணாமல் போகும். நீங்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்க, உங்கள் அணுக்கள் குழாய்க்குள் டிபன் சாப்பிடுகின்றன! அதைத் தடுக்கத்தான் ஃப்ளூரைடு. அது முழுதாக வேலை செய்யக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால் குழாயை லேபுக்கு அனுப்பவும் அவசரம் காட்டுகிறார்கள்.

இந்த மருத்துவமனையில் குழாய்கள் நடந்து போவதில்லை. உருளை ஒன்றுக்குள் போட்டுச் சுவரிலிருக்கும் வாயில் வைத்தால், ‘ஸ்ஸூப்’ என்று காற்று இழுத்துக்கொள்கிறது. மேல்மாடியில் வந்து விழும் ‘டொக்’ சத்தம்! மஞ்சள் குழாய்க்கு அங்கே அரை மணி நேரம் ஓய்வு, உறைய வேண்டுமே. பிறகு சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிடம் சுழற்றல். அடியிலிருந்த கூழ் மெல்ல மேலேறி நடுவில் வந்து நிற்கிறது. அணுக்களைவிட லேசு, சீரத்தைவிடக் கனம் என்று அதன் அடர்த்தியை அளந்து செய்திருக்கிறார்கள். கீழே சிவப்பு, நடுவில் கூழ்த் தடுப்பு, மேலே பொன்னிறத் தெளிவு, அதுதான் சீரம். ஒருவருடைய சீரம் மட்டும் பால் கலந்ததாய் வெளுத்திருந்தது. “ராத்திரி பிரியாணி சாப்பிட்டிருக்கலாம், இல்லன்னா ட்ரைகிளிசரைடு நிஜமாவே ஜாஸ்தியா இருக்கலாம்” என்றார் டெக்னீஷியன். கருவி பேசுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஊதா குழாய் போவது அணுக்களை எண்ணும் கருவிக்கு. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் ஐம்பது லட்சம் சிவப்பணுக்கள். எப்படி எண்ணுவது? வாலஸ் கூல்டர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த வழி இன்றும் அடித்தளமாக இருக்கிறது. உப்பு நீரில் கலந்த அணுக்களை நுண்ணிய துளை வழியே அனுப்பு, துளையில் மின்சாரம் ஓடட்டும். ஒவ்வோர் அணுவும் நுழையும்போது மின்தடை ஒரு கணம் எகிறும். எத்தனை எகிறல், அத்தனை அணு. எகிறல் எவ்வளவு உயரமோ, அணு அவ்வளவு பெரிது. தொடக்கத்தில் சிகரெட் பெட்டியைச் சுற்றி வரும் கண்ணாடித் தாளில்தான் துளை போட்டுப் பார்த்தாராம்! 1953-இல் காப்புரிமை கிடைத்தது. உங்கள் ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று ஒரு வரி இருக்கும், 80 முதல் 100 வரை. சிவப்பணுவின் சராசரிப் பருமன் அது. இரும்புச் சத்து குறைந்தால் அணு சிறுத்துவிடும், பி12 குறைந்தால் பெருத்துவிடும்.

அதே ஊதாக் குழாயில்தான் எச்பிஏ1சி-யும். 1968-இல் டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற மருத்துவர் சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டினது ஒட்டினதுதான். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே கடந்த இரண்டு மூன்று மாதமும் என்ன நடந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும். செக்கப்புக்கு முந்தைய வாரம் மட்டும் இனிப்பை நிறுத்தியவரின் வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக இருக்கலாம். எச்பிஏ1சி அசையாது. 5.7-லிருந்து 6.4 வரை எச்சரிக்கை, 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ஆனால் இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருப்பவர்களுக்கு இந்த எண் கூடுதலாகவே காட்டக்கூடும். நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை! எச்பிஏ1சி-யையும் எம்.சி.வி.யையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. எல்லைக் கோட்டில் நிற்பவர்கள் அதைவிட அதிகம், 13 கோடியைத் தாண்டி. அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் காலையே.

கொழுப்பு ரிப்போர்ட்டில் இன்னொரு ரகசியம். கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல்.லைப் பல லேப்கள் நேராக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகின்றன! மொத்தக் கொழுப்பிலிருந்து நல்ல கொழுப்பைக் கழி, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி. ஃப்ரீட்வால்ட் 1972-இல் தந்த சூத்திரம். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் சூத்திரம் செல்லாது, நேரடியாக அளக்க வேண்டும். முந்தைய இரவு விருந்துச் சாப்பாடு எப்படி எல்.டி.எல். வரை போய்க் கணக்கைக் கலைக்கிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

தைராய்டு கருவிக்குப் பக்கத்தில் நின்று நான் கேட்டு எழுதிக்கொண்டது ஒன்று உண்டு: முடி வளர எடுக்கும் பயோட்டின் மாத்திரை. பல தைராய்டு பரிசோதனைகள் பயோட்டினையே பசையாக வைத்து வேலை செய்கின்றன. ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைய மிதந்தால் பசை குழம்பி, டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. அழகுக்காக எடுக்கிற மாத்திரைதானே என்று யாரும் ஃபாரத்தில் எழுதுவதில்லை. எழுதுங்கள். சிஸ்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.

சரி, கீழே ஸ்கேன் அறை வாசலுக்கு வருவோம். அந்தக் காலையின் உச்சக்கட்டக் கலகலப்பு இங்கேதான்! “யூரின் நல்லா முட்டினதும் சொல்லுங்க” என்று எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவர் கை தூக்குகிறார். “முட்டுது சிஸ்டர்!” “இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, பொறுத்துக்கோங்கம்மா.” ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் இங்கே நண்பர்களாகிவிடுகிறார்கள்.

இந்தத் தவிப்புக்குக் காரணம் காற்று. அல்ட்ராசவுண்ட் ஒலி காற்றைக் கண்டால் திரும்பிவிடும், உள்ளே போகாது. வயிற்றில் ஜெல் தடவுவதும் தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்று இல்லாமல் செய்யத்தான். குடலுக்குள் வாயு இருக்கிறது. நிறைந்த நீர்ப்பை குடலை மேலே ஒதுக்கிவிட்டு, கர்ப்பப்பையையும் ஓவரியையும் புராஸ்டேட்டையும் பார்க்க ஒரு நீர்ச் சன்னல் திறந்து தருகிறது. வயிறு மட்டும் காலியாக வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிப் பித்தத்தைக் கொட்டிவிடும், சுருங்கிய பைக்குள் கல் இருக்கிறதா என்று பார்ப்பது சிரமம். ஒரே ஸ்கேனுக்கு ஒன்று காலியாகவும் ஒன்று நிறைந்தும் இருக்க வேண்டியது இதனால்தான்.

இருட்டறையில் திரையைப் பார்க்க விட்டார்கள். கல்லீரலும் வலது சிறுநீரகமும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்லது. கல்லீரல் மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தால் கொழுப்புப் படிந்திருக்கிறது. ரேடியாலஜிஸ்ட் கண் இரண்டையும் ஒப்பிட்டு நொடியில் நகர்ந்துவிடுகிறது. ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு கூடுதல் வேலை. “போய்ட்டு வாங்க சார், மறுபடி பார்க்கணும்.” காலி செய்த பிறகும் நீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று அளந்தால் புராஸ்டேட் எவ்வளவு வழிமறிக்கிறது என்று தெரியும். வெளியே ஓடிய அந்த மனிதரின் வேகம்!

பிறகு டிபன். கூப்பனை நீட்டினால் இட்லி, பொங்கல், வடை, காபி. எல்லோர் முகமும் மலர்ந்துவிடுகிறது. ஆனால் இதுவும் பரிசோதனைதான். முதல் வாய் வைத்த நேரத்தை அட்டையில் குறிக்கச் சொல்கிறார்கள். சாப்பிட்டு முடித்த நேரம் அல்ல, தொடங்கிய நேரம். அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் மறுபடி சர்க்கரை. 140-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. நடுவில் வேகமாக நடக்கக் கூடாது, தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டு எண்ணைக் குறைத்துவிடும். டிரெட்மில்லை அந்த இரண்டாவது ரத்தத்துக்குப் பிறகு தள்ளி வைத்திருப்பதும் இதற்காகவே. வயிறு நிறைந்த கையோடு ஓடுவதும் ஆகாது. இரண்டு விதியும் ஒரே அட்டவணையில் பொருந்திவிட்டதைச் சிஸ்டர் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமிதம். படவேண்டியதுதான்!

காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் உட்கார்ந்து படுத்துச் செய்கிற வேலைகள். கண்ணுக்கு ஒரு காற்று ‘புஃப்’, கண் அழுத்தம் வந்துவிட்டது. சுவரில் தமிழ் எழுத்துப் பலகை, கீழ் வரியைப் படிக்க எல்லோருக்கும் ஒரு ரோஷம். எக்ஸ்ரே ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

நுரையீரல் அறைக்கு வாருங்கள். சத்தம் வராந்தா வரை கேட்கிறது. மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழல். “நல்லா இழுங்க, இழுங்க, இழுங்க... ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும் இன்னும் இன்னும், சூப்பர் சார்!” தேர் வடம் பிடிக்கிறவர்களுக்கு முன்னால் நின்று உற்சாகம் கொடுப்பவரைப் போல அந்த டெக்னீஷியன் தங்கை கையை வீசி வீசிக் கத்துகிறார். சாந்தமாக ‘ஊதுங்க’ என்று சொன்னால் யாரும் முழுசாக ஊதுவதில்லையாம். முதல் ஒரு நொடியில் வெளியே வந்த காற்று எவ்வளவு, மொத்தம் எவ்வளவு, இரண்டுக்கும் விகிதம் என்ன என்பதில்தான் ஆஸ்துமாவும் புகைப்பழக்கத்தின் தழும்பும் தெரியும். அடி நுரையீரல் வரை காலியாக வேண்டும் என்பதால் ஆறு நொடியாவது ஊத வேண்டும். குறைந்தது மூன்று முறை. 1846-இல் ஜான் ஹட்சின்சன் லண்டனில் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊத வைத்துத் தொடங்கிய பரிசோதனை இது. நாள் முழுக்க இப்படிக் கத்தி வீட்டுக்குப் போகும்போது தொண்டை கட்டியிருக்கும் என்றார் தங்கை. மூன்றாவது தடவை ஊதி முடித்த மனிதர் சிவந்த முகத்தோடு எழுந்து அவருக்குக் கைகொடுத்தார்.

இ.சி.ஜி. பத்து ஒட்டுமுனைகள், பன்னிரண்டு கோணங்கள். ஐந்தோவன் என்ற மருத்துவர் முதலில் செய்த கருவி சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும், நோயாளியின் கைகளும் காலும் உப்பு நீர் வாளிக்குள்! அவருக்கு 1924-இல் நோபல் கிடைத்தது. இன்று அந்தக் கருவி ஒரு மேசை ஓரத்தில் அடங்கிவிட்டது. பக்கத்து அறையில் எக்கோ. 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், கப்பல் கட்டும் தளத்தில் இரும்பு ஒட்டலில் வெடிப்புப் பார்க்க வைத்திருந்த ஒலிக் கருவியைக் கடன் வாங்கி வந்து இதயத்தின் மேல் வைத்தார்கள். வால்வு அசைவது தெரிந்தது. எக்கோ ரிப்போர்ட்டில் ‘இ.எஃப். 60 சதவீதம்’ என்று படித்துவிட்டு, இதயம் அறுபது சதவீதம்தான் வேலை செய்கிறது என்று அழுதவர்கள் உண்டு. அழ வேண்டாம்! நல்ல இதயமும் ஒரு துடிப்பில் உள்ளே இருக்கும் ரத்தம் முழுவதையும் தள்ளுவதில்லை. 55-க்கு மேல் இருந்தாலே ஆரோக்கியம்.

டிரெட்மில்லில் ராபர்ட் புரூஸ் சியாட்டிலில் வகுத்த படிகளைத்தான் இன்னமும் ஏறுகிறோம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் படி மணிக்கு 2.7 கிலோமீட்டர், 10 சதவீத ஏற்றம், அரட்டை அடித்துக்கொண்டே நடக்கலாம். மூன்றாவது படியில் 5.5 கிலோமீட்டர், 14 சதவீத ஏற்றம், அரட்டை நின்றுவிடும். 220-லிருந்து வயதைக் கழித்து அதில் 85 சதவீதம் தொட வேண்டும். ஐம்பது வயதுக்காரருக்கு 145 துடிப்பு. கைப்பிடியில் தொங்கினால் வேலை குறைந்து பரிசோதனை வீணாகும் என்பதால் “சார், சும்மா தொட்டா போதும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். டாக்டர் கண்ணை எடுக்காமல் திரையைப் பார்க்கிறார். அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில். ஓடி இறங்கிய பிறகும் சில நிமிடம் விடமாட்டார்கள், சில இதயங்கள் ஓய்வு நேரத்தில்தான் தங்கள் குறையைச் சொல்லும்.

பெண்கள் பிரிவில் நான் குரலைத் தாழ்த்தவில்லை, அங்கே இருப்பவர்களும் தாழ்த்துவதில்லை. மேமோகிராமில் மார்பை அழுத்துவது ஏன் என்று வலிக்கிறவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அழுத்தித் தட்டையாக்கினால் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாது, குறைந்த கதிர்வீச்சே போதும். கருப்பை வாய்க்கான பாப் ஸ்மியர், கண்ணாடித் தகட்டில் தேய்த்த கையோடு ஆல்கஹாலுக்குள் போய்விட வேண்டும். காய்ந்தால் அணுக்கள் சுருங்கி முகம் மாறிவிடும். இந்த அறையில் ஒரு திண்டுக்கல் கதையும் சொல்லியாக வேண்டும். அந்த மாவட்டத்தின் கிராமங்களில் 30 வயது முதல் 59 வயது வரையான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்சுகள் ஒரு பரிசோதனை செய்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைப்பார்கள், சந்தேகத்துக்குரிய இடம் வெள்ளையாக மாறும். மைக்ராஸ்கோப்பும் வேண்டாம், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம், வெறுங்கண் போதும். ஒரே ஒரு சுற்றுதான். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தபோது, கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. பளபளக்கும் பேக்கேஜ் எதிலும் இதைவிடப் பெரிய வெற்றியை நான் பார்க்கவில்லை. முப்பதைத் தாண்டிய அக்கா தங்கைகளே, அப்பாவுக்கு டிரெட்மில் போடுவதற்கு முன்னால் உங்களுக்கு இதைச் செய்துகொள்ளுங்கள்.

பேக்கேஜ் என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பெரிய பேக்கேஜ் நல்ல பேக்கேஜ் என்று எண்ண வேண்டாம். ‘கேன்சர் மார்க்கர்’ என்று சி.ஏ. 125, சி.இ.ஏ. ஆகியவற்றைச் சேர்த்து விலை ஏற்றுகிறார்கள். மாதவிடாயின்போதுகூட சி.ஏ. 125 ஏறும். புகைப்பவர்களுக்கு சி.இ.ஏ. கூடுதலாக இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாத ஆரோக்கியமானவருக்கு இவை தூக்கத்தைக் கெடுப்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்யாது. காரணமில்லாமல் உடம்பு முழுக்க சி.டி. எடுப்பதும் அப்படியே. மார்பு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சோடு ஒப்பிட்டால் வயிற்று சி.டி. பல பத்து மடங்கு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் 2016-இல் முழு உடல் பரிசோதனை மையம் திறந்தபோது வைத்த கட்டணம் 1000, 2000, 3000 ரூபாய் என்று மூன்று அடுக்கு. ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தால் செக்கப்புக்குப் பெரும் பணம் தேவையில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மதியம் மறுபடி லேபுக்குப் போனேன். கையெழுத்துப் போடும் பேத்தாலஜிஸ்ட் மேடம் முன்னால் எண்கள் ஓடுகின்றன. போன வருட எண்ணோடு இந்த வருட எண்ணைக் கணினி ஒப்பிட்டு, திடீரென்று தாவியவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. குழாய் மாறியிருக்குமோ? ரத்தம் உடைந்திருக்குமோ? அதே குழாயை மறுபடி ஓட்டுகிறார்கள், தேவைப்பட்டால் புது ரத்தமே கேட்கிறார்கள். பொட்டாசியம் ஆபத்தான அளவில் இருந்தால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருப்பதில்லை, போன் பறக்கிறது.

“எல்லாம் நார்மலா வர்றவங்க ரொம்பக் கம்மி, தெரியுமா?” என்றார் மேடம். கணக்கை அவரே போட்டுக் காட்டினார். ‘இயல்பு அளவு’ என்பது ஆரோக்கியமானவர்களில் நடுவிலிருக்கும் 95 சதவீதம் பேரின் அளவு. மிச்ச ஐந்து சதவீதமும் ஆரோக்கியமானவர்களே, ஆனால் அவர்கள் எண் கோட்டுக்கு வெளியே. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனை செய்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கும் ஏதாவது ஒன்றாவது கோட்டைத் தாண்ட 64 சதவீத வாய்ப்பு! ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஓர் எண் இருந்தால் அதை வைத்துக்கொண்டு இரவெல்லாம் கூகுள் தேட வேண்டாம் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். செக்கப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய ஃபைலை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்களாம். கிரியாட்டினின் போன வருடம் 0.7, இந்த வருடம் 1.1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் இயல்பு எல்லைக்குள்தான், எதன் பக்கத்திலும் நட்சத்திரம் விழாது. ஆனால் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த டாக்டர் அன்றே சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்: வலி மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா, நாட்டு மருந்து எடுத்தீர்களா, பிரஷர் எப்படி இருக்கிறது?